பாதி மரம், பாதி பைப்பு

எல்லோருக்கும் நல்லவனாக இருக்க ஆசைப்படுகிறவனிடம் கரண்டு வேலையை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. கரண்டுக்குத் தாட்சண்யம் கிடையாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கிருஷ்ணகிரியில் என் மாமன்மார்களுடைய வெற்றிலை மண்டியின் நிலவறையில், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தெரிந்துகொண்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை. என் அம்மாவின் அண்ணனும் தம்பியும் சேர்ந்து அந்த மண்டியை நடத்தினார்கள். கடைக்குக் கீழே கல் கட்டடமாக ஒரு நிலவறை. எந்தக் கோடையிலும் அதன் சுவரில் நீர் கசியும். வெற்றிலை வாடாமல் இருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது, மனிதன் நிற்க அதைவிட மோசமான இடமும் கிடையாது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில்தான் கட்டுகளைப் பிரிப்பார்கள். அந்த மங்கலில் நல்ல இலைக்கும் அழுகல் இலைக்கும் வித்தியாசம் தெரியாது. எங்கள் சரக்கை மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்த பெங்களூர் சாவுகாருக்கு அழுகல் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. ஒருநாள் அவர் சொல்லிவிட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை நானே வர்றேன். கீழ லைட்டு எரிஞ்சா சரக்கு எடுப்பேன். இல்லைன்னா வேற மண்டி பார்த்துக்கிறேன்."

மேலே கடையில் ஏற்கெனவே கரண்டு இருந்தது. அதைக் கீழே இழுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரணம், நான் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், அந்த மில்லில் மோட்டார் ஓடியது. (மோட்டாருக்கும் எனக்கும் நடுவே ஒரு முழுச் சுவர் இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.) எனக்குக் கரண்டு தெரியாது என்று நானும் சொல்லவில்லை. பெரிய மாமாவின் மகள் ராஜாமணியைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. பெரிய மாமா பெண் கொடுக்க வேண்டும். சின்ன மாமா தலையாட்டாமல் பெரிய மாமா கொடுக்க மாட்டார். இரண்டு பேருக்கும் நான் கெட்டிக்காரனாகத் தெரிய வேண்டியிருந்தது.

ஓசூரிலிருந்து ருத்ரப்பா என்கிற வயரிங்காரரைக் கூட்டிவந்தேன். எதைக் கேட்டாலும் அவர் கன்னடத்தில் 'ஆகுத்தெ' என்பார். ஆகும் என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து ஆகாது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பெரிய மாமா நிலவறைக்குள் இறங்கினார். "மரப்பட்டி போட்டு, வயரு அதுக்குள்ள போவணும். கெலமங்கலத்துல ஒரு பெரிய பங்களாவுல பாத்தேன். தேக்கு மரம். அதான் லட்சணம்."

"ஆகுத்தெ சாமி" என்றார் ருத்ரப்பா.

சின்ன மாமா பின்னாலேயே இறங்கினார். "இந்த ஈரத்துல மரம் ஊறிப் போவும், கரையான் புடிக்கும். இரும்புப் பைப்பு போடு. பைப்புக்குள்ள வயரு போனா எலிகூட ஒண்ணும் பண்ணாது."

"அதுவும் ஆகுத்தெ."

"இரும்பு துருப் புடிக்காதா?" என்றார் பெரிய மாமா.

"மரம் ஊறாதா?" என்றார் சின்ன மாமா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். சுவர் கசிந்துகொண்டிருந்தது.

மறுநாள் மின்சாமான் கடைக்குப் போய் விசாரித்தேன். கடைக்காரர் மூன்றாவதாக ஒரு வழி சொன்னார். ரப்பர் உறை போட்ட வயரை மரச் சட்டத்தின் மேல் கிளிப் வைத்து வெளிப்படையாக அடித்துவிடுவது. ஈரமான இடத்துக்கு அதுதான் சரி என்றார். ஓடிவந்து மாமன்மாரிடம் சொன்னேன்.

"வயரு அம்மணமா தெரியுமா? பாக்கவே அசிங்கம்" என்றார் பெரிய மாமா.

"எலி ஒரே ராத்திரியில தின்னு தீத்துடும்" என்றார் சின்ன மாமா.

எனக்குத் தெரிந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். நிலவறைக்குப் பொருத்தமான ஒரே வழியை இருவரும் ஒட்டுக்கா வேண்டாம் என்றார்கள்.

இந்தச் சண்டை நாலைந்து நாள் நடந்தது. காலையில் மரம், மத்தியானம் பைப்பு, சாயங்காலம் மறுபடி மரம். சாப்பாட்டு நேரத்தில்கூட ஒருவர் குழம்பு கேட்டால் மற்றவர் துருவைப் பற்றிப் பேசுவார். ராஜாமணி எனக்குச் சோறு போடும்போது மெதுவாகச் சொன்னாள்: "அவங்க ரெண்டு பேரையும் மேலயே நிறுத்தி வெச்சிட்டு, கடைக்காரர் சொன்னதையே செஞ்சுட்டு வாங்களேன்."

நல்ல யோசனைதான். அதற்குத் துணிச்சல் வேண்டுமே. என்னிடம் இருந்தது ராஜதந்திரம். (அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.) படிக்கட்டிலிருந்து நடு அறை வரைக்கும் பைப்பு, நடு அறையிலிருந்து கடைசி வரைக்கும் மரப்பட்டி என்று தீர்ப்புச் சொன்னேன். இருவருக்கும் பாதிப் பாதி வெற்றி. ருத்ரப்பாவுக்கு எதுவாக இருந்தாலும் வெற்றி.

"பைப்புக்கு எர்த் கொடுக்கணும் இல்ல?" என்று மட்டும் கேட்டேன். மில்லில் யாரோ அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருந்தேன்.

"பாதிப் பைப்புக்கு எர்த் எதுக்கு சாமி? விட்டாலும் ஆகுத்தெ."

விட்டுவிட்டோம்.

வியாழக்கிழமை விளக்குகள் எரிந்தன. பைப்புப் பக்கம் எரிந்தது, மரப் பக்கமும் எரிந்தது. பெரிய மாமா என் தோளைத் தட்டினார். அன்று இரவு நான் கல்யாணத்துக்கு யாரை எல்லாம் அழைப்பது என்று யோசித்தபடி தூங்கினேன். அதே இரவில், நிலவறையின் குளிரில் இரும்புப் பைப்புக்குள் வியர்த்த நீர் சொட்டுச் சொட்டாக ஓடி, பைப்பும் மரமும் சேர்கிற பெட்டிக்குள் போய்த் தேங்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட சமாதான ஒப்பந்தத்தில், இரும்பு தண்ணீரைச் சேகரித்தது, மரம் அதைக் குடித்தது.

வெள்ளிக்கிழமை சாவுகார் வந்தார். வெற்றிலை இருக்கிற இடம் என்று மரியாதையாகச் செருப்பை மேலேயே கழற்றிவிட்டார். நான் சுவிட்சைப் போட்டேன். கீழே வெளிச்சம் வந்தது. மாமன்மார் இருவரும் முன்னால் இறங்க, சாவுகார் பின்னால் இறங்கினார். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. கடைசிப் படி வழுக்கும். அதில் கால் வைக்கும்போது பிடிமானத்துக்காகப் பைப்பைப் பிடித்தார்.

அவர் கத்தவில்லை. 'ஹ' என்று ஒரு சத்தம் வந்தது. கை உதறி விடுபட்டு, வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் காலையில் கொண்டுவந்த கூடைகளின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். மரப் பக்கத்தில் கருகின நாற்றம் வந்தது. அந்தப் பக்கத்து விளக்குகள் இரண்டு தரம் சிமிட்டி அணைந்தன.

"பாத்தியா, பைப்பு" என்றார் பெரிய மாமா.

"புகை மரத்துல வருது" என்றார் சின்ன மாமா.

"அடிச்சது பைப்புதானே."

"கருகுனது மரம்தானே."

சாவுகார் அவர்கள் இருவருக்கும் நடுவில், கூடைக்குள் உட்கார்ந்தபடி, பேசுகிறவர் முகத்தையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தூக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. நான் பாய்ந்து இறங்கினேன். கடைசிப் படி எனக்கும் வழுக்கியது. நானும் பைப்பைப் பிடித்தேன்.

பல் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அதற்குள், சாவுகாருக்கு மோர் கொண்டுவந்திருந்த ராஜாமணி மேலே மெயினை இறக்கிவிட்டாள். எல்லாம் இருட்டானது. அந்த இருட்டிலும் 'துரு' என்றும் 'கரையான்' என்றும் இரண்டு குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. அவள் அரிக்கேனைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்து, முதலில் சாவுகாரை எழுப்பினாள். பிறகு என்னை.

சாவுகாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மோர் குடித்தார். செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகுதான் பேசினார்.

"உங்க வெத்தலைய மேல தெருவுக்குக் கொண்டு வாங்க. பகல்ல, வெயில்ல பார்த்து எடுத்துக்கிறேன். இனி நான் படி எறங்கமாட்டேன்."

கவனியுங்கள். கட்டுகளைப் பகலில் மேலே கொண்டுவந்து பிரித்தால் போதும். நிலவறைக்கு விளக்கே வேண்டியதில்லை. இத்தனை நாள் மரமா, பைப்பா என்று மண்டையை உடைத்துக்கொண்ட எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கு வந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை.

ருத்ரப்பாவை அழைத்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னோம். ஆகுத்தெ என்றார்.

கல்யாணப் பேச்சு வந்தபோது பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். "சம்மதம்தான். ஆனா அவரு வூட்டுக்கு வயரிங் பண்ணது யாருன்னு மொதல்ல கேட்டுச் சொல்லுங்க" என்றாள் ராஜாமணி. சபையே சிரித்தது. மாமன்மார் இருவரும் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் எங்கள் மகன் புது வீடு கட்டுகிற இடத்துக்குப் போயிருந்தோம். சுவருக்குள் வயர் புதைக்கிற இன்ஜினீயர் மரியாதைக்காக என்னிடம், "ஐயா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் ராஜாமணி முந்திக்கொண்டாள்.

"அவரு சொல்றத நல்லாக் கேட்டுக்கோங்க தம்பி. கேட்டுட்டு, அத மட்டும் செஞ்சுடாதீங்க."