ஏழு குறையும் ஒரு மட்டையும்

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தன் பெண்டாட்டியைத் தோற்கடித்தே தீருவது என்று கதவுக்காரர் தீர்மானம் செய்தார். சண்டைக்குப் படை திரட்டிக்கொண்டு போகிறவன்கூட அப்படிப் பல்லைக் கடித்திருக்க மாட்டான்.

இடிக்கிற வீடுகளில் கதவு, ஜன்னல், நிலை எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி வாங்கிவந்து விற்பது அவர் தொழில். பள்ளிக்கூடம் அவரை அதிக நாள் வைத்துக்கொள்ளவில்லை, பேரம்தான் படிக்கவைத்தது. பத்தொன்பது வயதில் வாய்ப்பேச்சை நம்பி நாற்பது ஜன்னல் வாங்கினார். வந்து இறங்கியது நாற்பது வெறும் சட்டம். "கண்ணாடியும் சேர்த்துன்னு நான் சொன்னேனா?" என்றான் விற்றவன். அன்று முதல் அவருக்கு எதுவானாலும் எழுத்தில் வேண்டும். எழுதாத பேச்சு காற்றோடு சரி.

இப்போது சிக்கல் வீட்டின் முன் அறை. மற்ற அறைகளில் எல்லாம் கதவுகள் சாய்ந்து நிற்கின்றன. படுக்கையறைக்குப் போகவே நாலு கதவைத் தாண்டிப் போக வேண்டும், அதில் ஒன்றுகூடத் திறக்காது. மிச்சம் இருப்பது தெருவைப் பார்த்த முன் அறை ஒன்றுதான். அதில் நல்ல கதவுகளாக நிறுத்திவைத்துப் பெரிய கடையாக்குவது அவருடைய பத்து வருஷக் கனவு. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி வாயைத் திறந்தாள்.

"முன் ரூம் எனக்கு வேணுங்க."

"எதுக்கு?"

"ஒரு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"ரூமைக் குடுங்க, சொல்றேன்."

"சொல்லு, குடுக்கிறேன்."

"குடுத்த பிறகு சொல்றேன்."

"சொன்ன பிறகு குடுக்கிறேன்."

இருபத்திரண்டு வருஷம் ஒரு பேரக்காரரோடு குடும்பம் நடத்தியவள். முதலில் இறங்கி வருகிறவர்தான் தோற்றவர் என்பது அவளுக்கும் தெரியும். மூன்று நாள் இருவரும் இறங்கவில்லை. நாலாவது நாள் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"ரெண்டு பேரும்தான் தினம் காலையில குடியிருப்பு மைதானத்துல டென்னிஸ் ஆடுறீங்களே. அதுல பார்த்துக்குங்க. ஜெயிச்சவங்களுக்கு ரூம். எனக்கும் தூக்கம் வரும்."

சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி ஒரு வருஷமாக ஆடுகிற ஆட்டம் அது. இதுவரை யாரும் புள்ளி எண்ணியது கிடையாது. பந்து வலையைத் தாண்டினால் போதும், இருவருக்கும் சந்தோஷம். கதவுக்காரர் யோசித்தார். என்ன இருந்தாலும் தான் ஆம்பிளை, தினம் கதவு தூக்குகிற தோள். அவள் தூக்குவது அதிகபட்சம் ஒரு குடம். உடனே ஒப்பந்தம் எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பரிசோதகர் சாட்சி, அவரே நடுவர்.

எழுதி முடித்த மறுநாளே கதவுக்காரர் கடைத்தெருவில் மட்டைக் கடைக்குப் போனார். யாருக்கும் சொல்லாமல்.

மட்டைக்காரர் மூன்று மட்டைகளை எடுத்து மேஜைமேல் போட்டார். "இது முந்நூற்று நாற்பது கிராம், தலை சின்னது. இது முந்நூறு, நடுவாந்திரம். இது இருநூற்று எழுபது, தலை பெரிசு."

கதவுக்காரர் மூன்றையும் விரலால் தட்டிப் பார்த்தார். கனமானதைத் தூக்கினார். "இதைக் குடுங்க. கனம்தான் சரக்கு. லேசா இருந்தா உள்ளே பொக்கைன்னு அர்த்தம்."

"இது கதவு இல்லைங்க. நாலு தடவை வீசிப் பாருங்க."

வீசினார். மூன்றாவது வீச்சில் தோளில் ஏதோ சொடக்கு விழுந்தது. நாலாவது வீச்சை அவர் முகத்தால்தான் வீசினார்.

"சின்னத் தலை மட்டை பந்தை நடுவுல வாங்கத் தெரிஞ்சவங்களுக்கு. உங்க கை மெதுவா வருது. பெரிய தலைன்னா ஓரத்துல பட்டாலும் போய் விழும். லேசானதை எடுத்துக்கங்க. தலைக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஈயப் பட்டை ஒட்டித் தரேன், அப்பதான் அடிக்கும்போது திரும்பாது. இப்ப நீங்க உங்க ஆட்டத்தைச் சொல்லணும். எங்கெங்க தடுமாறுவீங்க? மறைச்சா மட்டை சரியா வராது."

கதவுக்காரருக்கு வேர்த்தது. தன் சரக்கில் இருக்கிற குறையைத் தானே சொல்வது அவர் தொழிலில் தற்கொலைக்குச் சமம். கரையான் அரித்த கதவைக்கூட 'காற்றோட்டமான கதவு' என்று விற்றவர் அவர். ஆனாலும் முன் அறை. கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இடது முட்டி மடங்காது."

"சரி."

"ரெட்டைக் கண்ணாடி போட்டிருக்கேன். பந்து தலைக்கு மேல வந்தா ரெண்டாத் தெரியும். ரெண்டுல ஒண்ணை அடிப்பேன்."

"எந்த ஒண்ணை?"

"இல்லாத ஒண்ணை. இடது பக்கம் வந்தா உடம்பு திரும்பாது, கை மட்டும்தான் போகும். நாலு ஆட்டம் ஆனா தோள் இறங்கிடும். உள்ளங்கை வேர்க்கும்."

"கைப்பிடிக்கு உறிஞ்சுற நாடா சுத்திடலாம். அஞ்சாச்சு. வேற?"

கதவுக்காரர் இன்னும் தாழ்த்தினார். "ஸ்கோர் என்னன்னு திரும்பத் திரும்பக் கேட்டா கோபம் வரும். கோபம் வந்தா பந்தை வேலிக்கு வெளியே அடிச்சிடுவேன்."

"அதுக்கு மட்டையில மருந்து இல்லைங்க."

"இருந்தாலும் எழுதுங்க. நாளைக்கு நான் சொல்லலைன்னு நீங்க சொல்லிடக் கூடாது. ஏழு குறை, ஏழும் எழுத்துல வேணும்."

மட்டைக்காரர் எழுதினார். அடுத்தது மட்டைக்குக் கட்டுகிற நரம்பு.

"நாற்பத்தெட்டு பவுண்டு இழுத்துக் கட்டலாம். தளர்வா இருந்தா மட்டையே பந்தைத் தள்ளி விட்டுடும். உங்க தோளுக்கு நல்லது."

"அறுபது போடுங்க."

"அறுபதுன்னா பலகை மாதிரி இருக்கும்."

"அம்பத்தஞ்சு."

"இது பேரம் இல்லைங்க."

"அம்பத்தி ரெண்டு. கடைசி."

"நாற்பத்தொன்பது. அதுக்கு மேல போட்டா வர்ற கை வலிக்கு நான் பொறுப்பில்லை, அதையும் எழுதிடுவேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஏற்றிப் பேரம் பேசித் தோற்றார் கதவுக்காரர்.

"நரம்பு போடுறது நான் இல்லை," என்றார் மட்டைக்காரர். "ஒருத்தங்க வீட்டுல வச்சுப் போட்டுத் தர்றாங்க. ஆறு மாசமாத்தான். ஆனா கை அவ்வளவு சுத்தம். மட்டையோட இந்தச் சீட்டும் போகும். வேலை பார்த்தவங்ககிட்டதான் சீட்டு இருக்கும், பின்னால குறை வந்தா பார்க்கிறதுக்கு."

கதவுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் ஏழு குறையும் எவன் வீட்டுக்கோ போகுமா?"

"அவங்க வாயே திறக்க மாட்டாங்க."

"திறக்காத வாயை நான் பார்த்ததில்லை. சீட்டை மடிங்க. அளவு மட்டும் வெளியில தெரியணும். குறை எல்லாம் உள்ளே. பின் அடிங்க. பின் மேல நான் கையெழுத்துப் போடுறேன். பிரிச்சா தெரிஞ்சுடும்."

அப்படியே செய்தார்கள். குறுக்காக நீளமாக ஒரு கையெழுத்து, மூணு பின்னையும் தாண்டி. திருப்தியோடு எழுந்தார்.

"பாவம் அவங்க," என்றார் மட்டைக்காரர் மட்டையைப் பையில் போட்டுக்கொண்டே. "இடம் இல்லாம சமையலறை மேடையில வச்சு இந்த வேலை பார்க்கிறாங்க. வீட்டுல ஏதோ ஒரு தொல்லையாம், நகர மாட்டேங்குதாம்."

"தொல்லையை எல்லாம் பார்த்துக்கிட்டு இருந்தா முன்னேற முடியுமா? அடிச்சு நகர்த்தச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"கட்டாயம் சொல்றேன்."

சனிக்கிழமை மட்டை கைக்கு வந்தது. ஒரு வீச்சில் தெரிந்துபோயிற்று. கை வீசுகிறதா மட்டை வீசுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உறை போட்டு, மரத்தூள் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். இரவெல்லாம் சிரித்துக்கொண்டே தூங்கினார்.

ஞாயிறு காலை. நடுவர் ஸ்டூல்மேல் ஏறி உட்கார்ந்தார். உறையைக் கழற்றி மட்டையை வெளியே எடுத்தபோது அவள் முகத்தில் இடி விழும் என்று கதவுக்காரர் எதிர்பார்த்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். "நல்லா இருக்குங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஷூவை மாட்டினாள். அவள் கையில் அதே பழைய மட்டை.

முதல் ஆட்டம் அவருக்கு. பந்து ஓரத்தில் பட்டாலும் கோட்டுக்குள் போய் உட்கார்ந்தது. அவரே அதிர்ந்துபோனார். இரண்டாவதும் அவருக்கே. மனசுக்குள் முன் அறையில் பன்னிரண்டு கதவை நிறுத்திவைத்துவிட்டார்.

மூன்றாவது ஆட்டத்தில் அவள் பந்தை மெதுவாக, சின்னதாக, வலைக்குப் பக்கத்தில் போட்டாள். குனிய வேண்டியிருந்தது. இடது முட்டி மாட்டேன் என்றது. அடுத்த பந்து தலைக்கு மேல் போயிற்று. அண்ணாந்தார். இரண்டு பந்து. ஒன்றை அடித்தார். மற்றொன்று பின்னால் விழுந்தது.

அதற்கடுத்தது இடது பக்கம். கை மட்டும் போயிற்று.

கதவுக்காரர் மனசுக்குள் சீட்டை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. வரிசை பிசகவில்லை. நாலாவது ஆட்டத்துக்குப் பிறகு அவள் வேண்டுமென்றே நீளநீளமாக இழுத்து ஆடினாள், தோள் இறங்கியது. ஒவ்வொரு சர்வீசுக்கு முன்னாலும் நிதானமாகத் தலைமுடியை அள்ளிச் செருகினாள். அவருக்கு உள்ளங்கை வேர்த்தது. நாடா உறிஞ்சத்தான் செய்தது. ஆனால் அந்த வேர்வைக்கு அந்த நாடா பத்தவில்லை.

"ஸ்கோர் என்ன அண்ணா?" என்றாள் நடுவரிடம்.

"நாலு ரெண்டு. நீங்க முன்னால."

பந்தைத் தட்டினாள். நின்றாள். "எவ்வளவு சொன்னீங்க?"

"நாலு ரெண்டும்மா."

"நாலு எனக்கா, அவருக்கா?"

"உனக்குத்தான் தாயே, உனக்குத்தான்," என்றார் கதவுக்காரர், கழுத்து நரம்பு புடைக்க. அடுத்த பந்து வேலியைத் தாண்டித் தெருவில் போன ஒருவருடைய காய்கறிப் பையில் விழுந்தது. அதற்கடுத்த பந்தைத் தேடவே முடியவில்லை.

ஆறுக்கு இரண்டு. முன் அறை போயிற்று.

வேர்த்த சட்டையோடு நேரே மட்டைக் கடைக்குப் போனார். மட்டையை மேஜையில் வைத்து, கையால் ஒரு குத்து விட்டார். "ஏமாத்துறீங்களா? இதுல ஏதோ வேலை பண்ணியிருக்கீங்க."

மட்டைக்காரர் அதைத் தராசில் போட்டார். ஈயம், நாடா எல்லாம் சேர்த்து சீட்டில் எழுதிய கிராம், ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. நரம்பில் கருவியை மாட்டினார். நாற்பத்தொன்பது பவுண்டு.

"மட்டை சரி. அப்ப சீட்டு வெளியில போயிருக்கு. நரம்பு போட்ட ஆளைக் காட்டுங்க. விலாசத்தை எழுதிக் குடுங்க."

மட்டைக்காரர் எழுதிக் கொடுத்தார். கதவுக்காரர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். தெரு அவருடைய தெரு. கதவு எண் அவருடைய கதவு எண். அந்தக் கதவை அவரே பேரம் பேசி வாங்கி மாட்டியிருந்தார்.

"நீங்க சொல்லச் சொன்னதை அவங்ககிட்ட சொன்னேங்க," என்றார் மட்டைக்காரர். "அந்தத் தொல்லை விஷயம். அதைக் கேட்டதும் தனக்குத் தைரியம் வந்துடுச்சுன்னு சொன்னாங்க."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியாது. முன் அறை பெருக்கித் துடைத்துக் கிடந்தது. நடுவில் ஒரு இயந்திரம். ஆறு மாதமாகச் சமையலறை மேடையில் துணி போட்டு மூடியிருந்ததே, அது. மாவு அரைக்கிறதாக்கும் என்று அவர் நினைத்திருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட அந்தப் பக்கம் போகிறவரில்லை. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து யாருடைய மட்டைக்கோ நரம்பு கோத்துக்கொண்டிருந்தாள்.

"நீதானா அது," என்றார்.

"நான்தாங்க. ரூமைக் குடுத்தா சொல்றேன்னு அன்னிக்கே சொன்னேனே. இப்ப சொல்லிட்டேன்."

"இந்த ஆட்டம் செல்லாது. என் சீட்டைப் பிரிச்சுப் படிச்சுட்டு ஆடியிருக்க. ஏழு குறையும் எண்ணி எண்ணி அடிச்ச."

அவள் எழுந்தாள். அலமாரியைத் திறந்தாள். மடித்த சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். மூணு பின்னும் அடித்தபடி இருந்தது. மேலே குறுக்காக ஓடிய கையெழுத்தில் ஒரு கீறல் இல்லை, ஒரு மடிப்பு பிசகவில்லை. கதவுக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பழைய பத்திரம் பார்த்துப் பழகிய கண். யாரும் தொட்டிருக்கவில்லை.

"மேல இருந்த கையெழுத்தைப் பார்த்தேன், யார் மட்டைன்னு தெரிஞ்சுது," என்றாள். "அதனால இன்னும் கொஞ்சம் கவனமாப் போட்டேன். உள்ள இருக்கிறதை நான் எதுக்குங்க படிக்கணும்? இருபத்திரண்டு வருஷமா தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

கதவுக்காரர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அது வாடிக்கையாளர் உட்காரப் போட்ட நாற்காலி என்று தெரிந்தது.

"இப்பப் பிரிக்கலாமா?" என்றாள் அவள். "எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கான்னு பார்க்கணும்."

அவர் தடுப்பதற்குள் பின்னைக் கழற்றிவிட்டாள். ஏழையும் விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். பிறகு காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஏழுக்குக் கீழே எழுதினாள்:

'8. தோற்றால் மட்டைமேல் பழி போடுவார்.'