சவரம் அண்ணனுக்கு வராத எழுத்துகள்

ஓசூர் ரோட்டில் மீசை வைத்த ஆண்களுக்கு அவரைவிடப் பெரிய எதிரி இன்னும் பிறக்கவில்லை. ஹெப்பகோடியில் நான் வேலை பார்க்கும் தகட்டுக் கம்பெனியில் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டியவர். பெங்களூர் நீலசந்திராக்காரர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்குச் சவரம் அண்ணன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல். அவர் மெஷினுக்கு வருகிறவன் உதட்டை மூடி மீசை வைத்திருந்தால் முதல் நாளே வெட்டிவிடுவார்.

நான் ஆம்பூரிலிருந்து வந்தவன். நான்கு வருடம் வளர்த்த மீசை. பெங்களூர்க்காரர்களுக்கு எல்லோருமே 'குரு'தான், அவருக்கு நானும்.

"ட்ரிம் பண்ணிக்கோ குரு. மெஷின்ல மாட்டிக்கும்."

"மூஞ்சிய யாருண்ணே மெஷின்ல விடுவான்?"

"பேசாத. இந்தப் பக்கம் திரும்பு."

வெட்டிவிட்டார். ஒரு மாதம் அவரைத் திட்டிக்கொண்டே வேலை செய்தேன். தொல்லை அதோடு நிற்கவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பாக்கு மென்றபடி பேசினால் எழுந்து போய்விடுவார். ஒருமுறை சூப்பர்வைசரையே ட்யூப்லைட்டுக்கு அடியில் இழுத்து நிறுத்தி, "இப்ப சொல்லுங்க சார்" என்றார். எல்லாம் திமிர் என்று நினைத்தேன்.

எங்கள் பிரஸ்ஸில் இரண்டு பேர் வேலை. முன்னால் நின்று அவர் பட்டனை அழுத்துவார். எதிர்ப்பக்கம் நின்று நான் வெட்டுத்துண்டுகளை எடுப்பேன். நான் "போடு" என்றால்தான் அவர் அழுத்த வேண்டும். பக்கத்து ஷெட்டில் பெயின்ட் அடித்ததால் அந்த வாரம் எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்திருந்தார்கள். ஒரு துண்டு சிக்கிக்கொண்டது. கையை உள்ளே விட்டபடி, "இருண்ணே, இரு" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். அழுத்திவிட்டார்.

கையுறையின் நடுவிரல் நுனி போய்விட்டது. என் விரல் உள்ளே ஒரு நூல் தள்ளி இருந்தது.

மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு அவர் சட்டையைப் பிடித்தேன். "காது செவிடாய்யா உனக்கு?"

அவர் என் விரல்களை எண்ணினார். "சத்தம் கேக்குதுடா. பேச்சுதான் கேக்கல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லடா. ஆ, ஓன்னு இழுவை மட்டும் வருது. ச, த, ப எல்லாம் வரவே மாட்டேங்குது. மழையில எழுத்து அழிஞ்ச பஸ் போர்டு பாத்திருக்கியா? போர்டு இருக்குன்னு தெரியும். எந்த ஊருன்னு தெரியாது. மீதிய வாயப் பாத்துப் படிச்சிக்கிறேன்."

"கத்திச் சொன்னா?"

"கத்துனா போர்டு பெருசாவுது. எழுத்து வரல."

வருடக்கணக்காகப் பிரஸ் இரைச்சலில் நின்றால் காது என்ன ஆகும்? அதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான். வெளியே தெரிந்தால் பிரஸ்ஸிலிருந்து எடுத்துவிடுவார்கள், வேறு வேலை தெரியாத தன்னைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தார். "ரிட்டையராக இன்னும் மூணு வருஷம்டா. யார்கிட்டயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் காதுப் பரிசோதனை வருகிறது, அது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். கோழைத்தனம்தான். அதுவரை மாஸ்க் போடாமல் பெயின்ட் நாற்றத்தைக் குடித்துக்கொண்டு அவர் எதிரில் நின்றேன். ஒவ்வொரு முறையும் அவர் கண் என் வாயில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை விட்டேன்.

பரிசோதனைக்கு வேனில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு பெட்டி வரும். அதற்குள் உட்கார்ந்து, ஹெட்போனில் பீப் கேட்டால் கை தூக்க வேண்டும். வருடா வருடம் இவர் பாஸ். அந்த வித்தையையும் என்னிடம் சொல்லியிருந்தார். பட்டன் அழுத்தும்போது டெக்னீஷியனின் தோள் லேசாக ஏறுமாம். தோளைப் பார்த்துக் கை தூக்குவார்.

இந்த முறை வந்த பெண்ணிடம் லேப்டாப் இருந்தது. தோள் அசையவே இல்லை. பெட்டிக்குள் அவர் முகம் வியர்த்துவிட்டது. அடுத்த ஆளாக நான் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பீப் போகும்போதெல்லாம் திரையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. அவர் கண் என் மேல் விழுந்தது.

நான் கண் சிமிட்டினால் போதும். இன்னொரு வருடம் பிரஸ் ஓட்டுவார். யாருடைய விரலை எடுப்பார்?

புள்ளி எரிந்தது. நான் அசையவில்லை. மறுபடி எரிந்தது. கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கு வந்த கோபம் அவர் மேலா, என் மேலா, கம்பெனி மேலா, தெரியவில்லை. சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன்: "வேணாண்ணே. உள்ளத உள்ளபடி காட்டிடு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டார். பதிலுக்கு அவர் உதடும் அசைந்தது. பத்திரிகையில் போடுகிற வார்த்தை இல்லை. எனக்கும் சுலபமாகப் படிக்க வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நிஜமாகக் கேட்டதற்கு மட்டும் கை தூக்கினார். நான்கைந்து முறைதான்.

மறுநாள் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். சூப்பர்வைசர் பீரோவில் எதையோ தேடிக்கொண்டே, முதுகைக் காட்டிக் கத்தினார்.

"சார்," என்றார் அண்ணன். "திட்டறதா இருந்தா இப்படித் திரும்பித் திட்டுங்க. அங்க வேஸ்ட்டாப் போவுது."

சூப்பர்வைசர் திரும்பினார். பத்து நிமிடம் நேருக்கு நேர் திட்டினார். கடைசியில், வெட்டிய தகட்டில் பிசிறு பார்க்கும் டேபிளுக்கு மாற்றினார். அங்கே கண் இருந்தால் போதும்.

என்னோடு பதினைந்து நாள் அவர் பேசவில்லை. பதினாறாம் நாள் கேன்டீனில், என் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை விட்டுவிட்டு, தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். "இன்னாடா, சொல்லு" என்றார்.

வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசாதே என்று என் அம்மா இருபது வருடம் தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்த அன்றிலிருந்து நான் விழுங்கிவிட்டுத்தான் பேசுகிறேன்.