புதன்கிழமைப் பூச்சிகள்

நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி நகர்ந்தது.

முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் புரூஃப் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இடம் மாறிய காற்புள்ளிகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். தானாக இடம் மாறும் ஒன்றை இப்போதுதான் பார்த்தார். பென்சில் முனையால் தொட்டார். அது அடுத்த வரிக்கு ஓடி ஒரு சொல்லின் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

மனைவி போன பிறகு அந்த வீட்டில் தானாக நகர்ந்த முதல் பொருள் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, வெளியூரிலிருந்து மகன் வழக்கமான போன் செய்தபோது விஷயத்தைச் சொன்னார்.

"பூச்சியா? எத்தனைப்பா?"

"ஒண்ணுதான் பார்த்தேன்."

"ஒண்ணு கண்ணுல பட்டா உள்ள ஆயிரம் இருக்கும். யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க. எனக்கு மீட்டிங், வெச்சிடறேன்."

மீட்டர் பெட்டியின் கதவில் ஒரு பூச்சி ஒழிப்பு நிறுவனத்தின் பழைய ஸ்டிக்கர் இருந்தது. அதில் அச்சடித்த எண் ஒன்று. அதன் கீழே பேனாவால் எழுதிய எண் இன்னொன்று. அச்சில் இருப்பது தவறு, கையால் எழுதியிருப்பது திருத்தம்: புரூஃப் ரீடருக்கு இதில் சந்தேகமே வரவில்லை. பேனா எண்ணுக்குப் போன் செய்தார்.

புதன்கிழமை பதினொரு மணிக்குப் பூச்சிக்காரர் வந்தார். நரைத்த மீசை, தேய்ந்த தோல் பை, பைக்குள் துணியில் சுற்றிய பூதக்கண்ணாடி. காற்புள்ளியைக் கால் மணி நேரம் பார்த்தார்.

"புத்தகப் பேன். பேருதான் பேன், யாரையும் கடிக்காது. ஈரப் பக்கத்துல பூக்கிற பூஞ்சையை மேஞ்சுட்டு அதும்பாட்டுக்கு இருக்கும். பரம சாது."

"மருந்து அடிப்பீங்களா?"

"சேச்சே, மருந்து கடைசியில. முதல்ல எங்கேருந்து வர்றாங்கன்னு தெரியணும். புத்தகத்தை எல்லாம் வெயில்ல காய வைங்க. அடுத்த புதன் வர்றேன். பார்க்கிறதுக்குக் காசு கிடையாது."

டீ போட்டார் புரூஃப் ரீடர். இரண்டாவது கோப்பையைத் தூசி போகக் கழுவ வேண்டியிருந்தது.

புத்தகங்களைப் பால்கனிக்கு மாற்றியதும் காலி அலமாரியிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. "ராமபாணப் பூச்சி," என்றார் பூச்சிக்காரர் அடுத்த புதன்கிழமை, பழைய நண்பரைப் பார்த்தவர் போல. "அலமாரியை நகர்த்திப் பார்த்துடுங்க."

அலமாரியை நகர்த்தினால் பின்னால் விழுந்து கிடந்த கம்பளிச் சால்வையில் அந்து. சால்வைக்காகத் துணி பீரோவைக் காலி செய்தார். துணிகளை வைக்க இடமில்லாமல் சமையலறை அலமாரியைக் காலி செய்தபோது மாவு டப்பாவில் வண்டு. ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு புதன்கிழமை. ஒவ்வொரு புதன்கிழமைக்கும் இரண்டு கோப்பை டீ. வண்டுக்கு எத்தனை கால், அந்து ஏன் கம்பளியைத் தேடுகிறது என்று தொடங்கும் பேச்சு, இருவருடைய மனைவியரின் மருந்துச் சீட்டுகள் வரை போய் நிற்கும்.

ஐந்தாவது வாரம் மாவு டப்பாக்கள் குளியலறையில் இருந்தன. மெத்தை சாப்பாட்டு மேஜை மேல் கிடந்தது. புரூஃப் ரீடர் நாற்காலியில் தூங்கினார்.

மேல்வீட்டு அம்மா படியில் நின்று எட்டிப் பார்த்தார். "என்ன சார், வீடு காலி பண்றீங்களா?"

"இல்லம்மா, பூச்சி."

"பூச்சிக்கு இடம் விட்டுட்டு நீங்க வெளிய வந்துட்டீங்களா?"

அந்த அம்மா எடுத்த போட்டோ அன்றே மகனுக்குப் போய்விட்டது.

"அப்பா, மேஜை மேல மெத்தை என்ன பண்ணுது?"

"காத்தாடட்டும்னு..."

"தனியா இருந்து இருந்து என்னமோ ஆகுது உங்களுக்கு. முதியோர் இல்லம் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். மாசக் கடைசிக்குள்ள வீட்டுல ஒரு பூச்சி கூட இருக்கக் கூடாது. இருந்தா பேசாம பெட்டியக் கட்டுங்க."

மனைவி வாழ்ந்த வீடு. புரூஃப் ரீடர் ஆறு நாளில் எல்லாவற்றையும் பழைய இடத்தில் அடுக்கினார். செவ்வாய்க்கிழமை மாலை டார்ச்சோடு மூலை மூலையாகத் தேடினார். ஒரு பூச்சிக்கால் கூட இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்தவர், மறுநாள் புதன் என்பது நினைவுக்கு வந்ததும் எழுந்தார்.

பூச்சி இல்லாத வீட்டில் பூச்சிக்காரருக்கு என்ன வேலை?

ஆயுள் முழுவதும் பிழைகளை நீக்கியவர், முதல் தடவையாகத் தன் கையாலேயே ஒன்றைச் சேர்த்தார். கசகசா டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து ஜன்னல் இடுக்கில் தூவினார்.

மறுநாள் பூச்சிக்காரர் ஜன்னல் முன் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். ஒரு தடவை நிமிர்ந்து புரூஃப் ரீடரையும் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"முட்டை."

"எந்தப் பூச்சியோடது?"

"சொல்றதுக்கில்ல. அரிய வகை. குஞ்சு பொரிச்சாத்தான் தெரியும். ஆறு வாரமாவது ஆகும். வாரா வாரம் வந்து பார்க்கணும்."

அத்தனையையும் ஒரு சின்ன பாட்டிலில் சேகரித்து, 'அரிய வகை, கண்காணிப்பில்' என்று சீட்டு ஒட்டி மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நம்பி வந்த மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்று புரூஃப் ரீடருக்கு அன்று டீ இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகனிடம் வாய் தவறிவிட்டது. "வீடு சுத்தமாயிடுச்சுப்பா. முட்டை மட்டும்தான் பாக்கி."

"முட்டையா!" மகன் நிறுவனத்தைத் தேடிப் பிடித்துத் தானே பேசினான். "புதன்கிழமை ஆள் வருவாங்க. பூச்சி இல்லைன்னு அவங்க எழுதிக் கொடுக்கணும். இல்லைன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

புதன்கிழமை பத்து மணிக்குச் சீருடை போட்ட ஒருவர் முதுகில் மருந்துத் தொட்டியோடு வந்தார். ஒரு மணி நேரம் தேடினார்.

"பூச்சியே இல்லையே சார். எழுதியே தர்றேன்."

"உங்க கம்பெனி ஆள் வாரா வாரம் வந்து பார்க்கிறாரே?"

"எங்க ஆளா? எங்க ரிஜிஸ்டர்ல இந்த வீடே இல்லையே." சீருடைக்காரர் மேஜையிலிருந்த பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்து மோந்தார். இரண்டு முட்டைகளை நாக்கில் போட்டுக் கடித்தார். "கசகசா!"

புரூஃப் ரீடர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவர் மேல தப்பில்லை. நான்தான் தூவினேன். வயசானவர், கண்ணு மங்கியிருக்கும். ஆபீஸ்ல சொல்லிடாதீங்க, அவர் வேலை போயிடும்."

மணி பதினொன்று. வாசலில் அழைப்பு மணி அடித்தது.

சீருடைக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். சட்டென்று மருந்துத் தொட்டியைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பாட்டிலை இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தார்.

"அவர் ரிட்டையர் ஆகி நாலு வருஷமாச்சு சார்," என்றார் தணிந்த குரலில். "எங்க எல்லாருக்கும் பூச்சி பார்க்கக் கத்துக்கொடுத்ததே அவர்தான். கசகசாவை அவர் கண்ண மூடிக்கிட்டே சொல்லிடுவாரே."