தோலுக்கு ஒரு தார்ப்பாய்

சேர்வராயன் மலையில் அந்தக் காலத்தில் எத்தனையோ ஜீப் டிரைவர்கள் இருந்தார்கள். ஆனால், அமெரிக்காக்காரன் தன் பெயரில் ஒரு பலகாரம் கண்டுபிடித்து வைத்திருக்கிறான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் லோடு அண்ணன்.

அவருக்கும் பெற்றோர் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியும். ஏற்காடு பஜாரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவருடைய ஜீப்பில் ஏறியவர்களை எண்ணி முடித்தவர் கிடையாது. ஆட்களுக்கு நடுவே காப்பி மூட்டை, மூட்டைக்கு மேல் பலாப்பழம், பலாப்பழத்துக்கு மேல் யாராவது ஒரு சித்தப்பா. "இடமே இல்லீங்களே" என்று எவராவது முனகினால் போதும், அண்ணனுக்கு முகம் சிவந்துவிடும்.

"இடம் இல்லீன்னா அடுக்கத் தெரியலீன்னு அர்த்தமுங்க. மூச்ச உள்ள இழுத்துப் புடிங்க, வாழவந்தி வந்ததும் உட்டுக்கலாம்!"

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். சொந்த ஊர் மலையடிவாரத்தில் குப்பனூர். வாரக் கடைசியில் அவர் ஜீப்பில்தான் இறங்குவேன். வழியில் வாழவந்தியில் அவர் வீட்டு வாசலில் ஜீப் சற்று நிற்கும். தங்கை செல்வி வந்து அண்ணனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பாள். அந்தச் சொம்பு காலியாகும் நேரம்தான் எனக்கு அந்த வாரம் முழுவதும். அதற்காகப் பலாப்பழத்தை மடியில் சுமந்துகொண்டு, கால் மரத்துப்போய், சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

பலகாரத்துக்கு வருகிறேன். எங்கள் எஸ்டேட் முதலாளியின் மகன் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்திருந்தான். பங்களாவுக்குச் சாமான் இறக்கப் போன அண்ணனிடம் ஒரு தட்டை நீட்டியிருக்கிறான். சுட்ட உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, உள்ளே இருப்பதைத் தோண்டி எடுத்துவிட்டு, தோலை மொறுமொறுவென்று ஆக்கி, அதில் என்னென்னவோ நிரப்பியிருந்தான். பெயர் கேட்டதற்கு "லோடட் பொட்டேட்டோ ஸ்கின்ஸ்" என்றானாம். முதல் சொல்லுக்குப் பிறகு அண்ணனுக்கு எதுவும் காதில் விழவில்லை.

நேரே என் ஆபீசுக்கு ஓடி வந்தார். "ரைட்டர் தம்பி, சேதி தெரியுங்களா? நான் இங்க கெடக்கறேன், எம் பேரு அமெரிக்கா போயிருச்சுங்க!"

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணா, அது உங்க பேர் இல்லீங்க. லோடுன்னா பாரம் ஏத்துனதுன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"அதத்தானுங்க நானும் சொல்றேன். இந்த மலையில பாரம் ஏத்தறது ஆருங்க?"

அவர் தங்கையை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவர் வீட்டு அடுப்பு அவர் வசமானது. முதலில் கிழங்கை வேகவைத்தார். தோல் நனைந்த காகிதம்போலக் கையோடு வந்துவிட்டது. அடுத்து அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்டார். தோல் கெட்டியாக நின்றது. நீளவாக்கில் வெட்டி, கரண்டியால் உள்ளே தோண்டினார். அதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார். "பூராவும் சொரண்டிப்போட்டா பாடி நிக்காதுங்க. ஓரத்துல கொஞ்சம் சதையை உடோணும்." பிறகு எண்ணெய் தடவி, தோசைக்கல்லில் கவிழ்த்துப் போட்டு, திருப்பிப் போட்டு, விரலால் தட்டினால் டக்கென்று கேட்கும்வரை விடவே மாட்டார்.

சரக்கு ஏற்றுவதில்தான் சண்டை வந்தது. பங்களாவில் பன்றிக்கறி வைத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக அண்ணன் நெத்திலிக் கருவாடு ஏற்றினார். தெருவே மூக்கைப் பிடித்தது. அவருடைய அம்மா அந்தத் தட்டைக் கொண்டுபோய்க் காப்பிச் செடிக்கு உரமாகப் போட்டுவிட்டார். கடைசியில் வதக்கிய வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கையளவு பொட்டுக்கடலை, எஸ்டேட் மிளகு என்று முடிவானது. அதற்கு மேல், இங்கிலீஷ் பள்ளிக்கூட வாத்தியார்களுக்காகப் பஜார் கடையில் வைத்திருக்கும் டப்பா சீஸைத் துருவிப் போட்டு, மூடி வைத்து உருக்கினார்.

"இது எதுக்குண்ணா?"

"லோடு ஏத்துனா மேல தார்ப்பாய் போட்டுக் கட்டோணுமா வேண்டாமுங்களா?"

தார்ப்பாய் கட்டியாகிவிட்டது என்று அவர் நம்பிவிடவும் இல்லை. தட்டை ஜீப் சீட்டில் வைத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பார்த்தார். வெங்காயம் சரிந்தால் அந்தச் சுற்று தள்ளுபடி. மறுபடியும் கிழங்கு, மறுபடியும் சாம்பல்.

தோண்டி எடுத்ததெல்லாம் எங்கே போகும்? காலையில் மசியல், மதியம் மசியல், ராத்திரி தோசைக்குள் மசியல். "ஏஞ்சாமி, இன்னிக்குமா?" என்று அம்மா அழாத குறை. அதைவிடப் பெரிய பாதிப்பு பக்கத்து வீட்டு ராமாயி அக்காவின் பசுவுக்கு. அதுவரை அந்த வீட்டுக் கிழங்குத் தோலெல்லாம் அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒன்றும் வராததால் அது சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று அண்ணனை முறைத்துக்கொண்டே இருந்தது.

இந்த நேரத்தில்தான் நான் துணிந்து வாயைத் திறந்தேன். பெண் கேட்டேன். அண்ணன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். செல்வி கதவுக்குப் பின்னால் சிரித்தாள். மிச்சம் இருந்தது என் தாய்மாமன் சம்மதம்தான். அப்பா இல்லாத என்னை வளர்த்தவர் அவர். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஏற்கெனவே ஒரு வீட்டைக் காப்பியில் சர்க்கரை குறைவென்றும், இன்னொரு வீட்டை நாய் தன்னைப் பார்த்துக் குரைத்ததென்றும் தள்ளியவர்.

"அண்ணா, பஜ்ஜி, கேசரி போதுங்க. வேற எதுவும் வேண்டாமுங்க" என்று அண்ணன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "நீங்க கவலையே படாதீங்க தம்பி" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குக் கவலையே வந்தது.

பெண் பார்க்கும் நாளன்று மாமாவோடு அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்தேன். பஜ்ஜியும் இல்லை, கேசரியும் இல்லை. பெரிய தட்டு நிறைய அதுதான் வந்தது. மாமா குனிந்து பார்த்தார்.

"இது என்னங்க?"

"லோடுங்க."

"உங்க பேரக் கேக்கலீங்க. பலகாரத்தக் கேக்கறேன்."

"பலகாரமும் லோடுதானுங்க."

மாமா ஒன்றை எடுத்து வாய்க்கு அருகில் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்துக் கொல்லைக் கதவில் ராமாயி அக்காவின் தலை தெரிந்தது. கையில் வாளி.

"ஏனுங்க, இன்னிக்காச்சும் மாட்டுக்குத் தோலு இருக்குதுங்களா?"

அண்ணன் சந்தோஷமாகத் திரும்பிச் சொன்னார். "இல்லீங்கக்கா! தோலு பூராவும் மாப்பள ஊட்டுக்காரங்களுக்கு வெச்சாச்சுங்க!"

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. "உள்ள இருக்கறத நீங்க தின்னுப்போட்டு, தோல எங்களுக்கு வெக்கறீங்களா? எந்திரி கண்ணு, போலாம்!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். காப்பி டம்ளரோடு வந்த செல்வி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு என் வாழ்க்கை ஒரு கிழங்குத் தோலில் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கோபத்தோடு வெளியே வந்த மாமாவுக்கு ஒரு சிக்கல். கடைசி பஸ் போய்விட்டது. நடந்தே இறங்குவதாக அறிவித்துக் கொஞ்ச தூரம் நடந்தார். பனிமூட்டம் வந்து பாதையை மூடியது. திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அண்ணன் மிச்சத் தோல்களையெல்லாம் ஒரு தூக்குப் பாத்திரத்தில் அடுக்கி, தங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். "லோடு இல்லாம நான் வண்டி எடுக்கறதில்லீங்க" என்றார். நான் பின்னால் மூட்டைபோலக் கிடந்தேன்.

ஜீப் இறங்கியது. மாமா மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சூடான மிளகு வாசனை வண்டி முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வளைவு தாண்டியிருப்போம்.

மொறுக்.

கேசரியாக இருந்திருந்தால் மாமாவின் மானம் தப்பியிருக்கும், சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். இதை அப்படித் தின்ன முடியாது. மாமா மெல்லாமல் சிலையாக உட்கார்ந்திருந்தார். அண்ணனும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வளைவு வந்தது. அண்ணன் ஹாரன் அடித்தார். அந்தச் சத்தத்துக்குள் மாமா அவசரமாகக் கடித்து மென்றார். அதற்கடுத்த வளைவில் ஹாரன் இன்னும் கொஞ்சம் நீளமாக ஒலித்தது. பிறகு இன்னும் நீளம். அப்புறம் வளைவே இல்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். எதிரில் ஒரு வண்டி கிடையாது. குப்பனூர்வரை அந்த மனிதர் என் மாமாவின் மானத்துக்காக ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

ஊர் வந்தது. மாமா இறங்கி, மீசையைத் துடைத்துக்கொண்டு, சற்று நேரம் வானத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தன வளைவுல ஒண்ணு கூடச் சரியலீங்களே?"

"தார்ப்பாய் போட்டிருக்குதுங்க."

"ம். கல்யாணத்துக்குப் பந்தி பூராவுக்கும் பண்ண முடியுமுங்களா?"

எனக்கு மூச்சு திரும்பியது. அண்ணனோ தலையைச் சொறிந்தார். "பண்ணிப்போடலாமுங்க. உள்ள இருக்கறத என்னங்க பண்றது?"

"அத மாட்டுக்குப் போடுங்க!" என்றார் மாமா.

அப்படியே நடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ராமாயி அக்காவின் பசு அண்ணனை முறைப்பதையும் விட்டுவிட்டது.

இப்போது நானும் செல்வியும் சேலத்தில் இருக்கிறோம். வீட்டில் ஓவன் இருக்கிறது, விதவிதமான சீஸ் கிடைக்கிறது. இருந்தாலும் வாழவந்திக்குப் போனால்தான் அந்த ருசி. லோடு அண்ணன் இப்போது எனக்கு மச்சான்; ஜீப்பை விற்றுவிட்டார். பற்களும் போய்விட்டன. ஆனாலும் நாங்கள் போகும்போதெல்லாம் சாம்பலில் கிழங்கைப் புதைத்துவிடுவார். தோண்டி எடுத்த மசியலில் நெய் விட்டுத் தன் தட்டில் வைத்துக்கொள்வார். தார்ப்பாய் போட்ட தோல்களை எங்கள் பக்கம் நகர்த்துவார்.

"உள்ள இருக்கறத நான் தின்னுக்கறேன் மாப்பள. தோலு உங்களுக்கு."

நான் கடிக்கும்போது தான் தின்பதை நிறுத்திவிட்டு, அந்தச் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்பார். அப்போது அவர் முகத்தில் வரும் சிரிப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதற்காகவே கொஞ்சம் சத்தமாகக் கடிக்கிறேன்.