ஒரே முகத்தைப் பார்த்துப் பேசவும்

"பொய் என்பது..." என்று போதகர் ஆரம்பித்ததுமே, மூன்றாவது வரிசையில் இருந்த தையல்காரருக்கு வேர்த்துக் கொட்டியது.

போதகர் அவர்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. போன மாதம்வரை தாளைப் பார்த்தேதான் பிரசங்கம் வாசித்தார். பாதி சபை தூங்கியது. மீதிப் பாதி தூங்குகிறவர்களை வேடிக்கை பார்த்தது. மனைவிதான் வழி சொன்னாள்.

"அந்தத் தாளைத் தூக்கிப் போடுங்க. யாராவது ஒருத்தரைப் பாத்து, அவருக்கே சொல்ற மாதிரி பேசுங்க. தையல்கார அண்ணனைப் பாருங்களேன், சாந்தமான முகம்."

பிரசங்கம் முடிந்த அன்று சாயங்காலமே தையல்காரர், 'நாளைக்கு, நாளைக்கு' என்று மாதக்கணக்கில் இழுத்தடித்த துணிகளை எல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். போதகரைக் கண்டதும் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குத் தாவிவிட்டார்.

"அவருக்கு என்ன கோபம்?"

"கோபமில்லைங்க, பேச்சு மனசுல பட்டிருக்கு. அடுத்த வாரம் பஸ் டிரைவரைப் பாருங்க. எதையும் தப்பா எடுத்துக்க மாட்டார்."

அந்த வாரத் தலைப்பு, ரகசியப் பழக்கங்கள். டிரைவர் பாதியிலேயே வெளியே போய், பையில் இருந்த சிகரெட்டை வாசலில் போட்டு நசுக்கினார். அதற்கடுத்த வாரம் மாமியார் கொடுமை. மனைவி காட்டிய முகம், ஆர்கன் வாசிக்கும் அம்மாள். பிரசங்கம் முடியுமுன்பே அவர் ஆர்கனைப் படாரென்று மூடினார்.

சபையில் சந்தேகம் புகைய ஆரம்பித்தது. போட்டுக்கொடுத்தது யார்? தையல்காரர் டிரைவரைச் சந்தேகப்பட்டார், டிரைவர் ஆர்கன் அம்மாளை. போதகரோ எல்லாரையும். இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே, தன்னை மாற்றத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பயந்துபோய் ஒரு வாரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே பேசினார். தாமதமாக வந்தவர்கள் அத்தனை பேரும் முறைத்தார்கள்.

கடைசியில் சபை மூப்பரே, தையல்காரரையும் டிரைவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எங்க வீட்டுச் சங்கதியெல்லாம் உங்களுக்கு யார் வந்து ஓதறாங்க? உண்மையைச் சொல்லுங்க ஐயா. இல்லேன்னா நாங்க வேற போதகரைப் பாத்துக்கறோம்."

"கர்த்தர் சாட்சியா யாரும் எதுவும் சொல்லல!" போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லாப் பேசணுமேன்னு ஏதோ ஒரு முகத்தைப் பாத்தேன். அவ்வளவுதான்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொய் சொல்ற முகம் இல்ல" என்றார் தையல்காரர். அவருக்குத் தெரியாதா என்ன! மூப்பரும் இளகி, போதகரின் கையைப் பிடித்துக்கொண்டார். போதகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்து, கொல்லை வழியாகச் சமையலறைக்குள் வந்த மூப்பரின் மனைவி, போதகரின் மனைவியிடம் கேட்டது கூடம்வரை கணீரென்று விழுந்தது.

"ஏன்க்கா, டிரைவர் பொண்டாட்டி வந்து சொன்ன மறு வாரமே ஐயாவை அவர் பக்கம் பாக்க வெச்சீங்க. எங்க வீட்டு மனுஷனைப் பத்தி நான் சொல்லி எவ்வளவு நாளாச்சு, அவர் முறை எப்பதான் வரும்?"