கரடிக்குப் போட்ட மருந்து

பக்கத்து வீட்டு ஹார்லனின் சவப்பெட்டியைக் கடைசிவரை திறக்கவில்லை. கரடி அதற்கு வழி வைக்கவில்லை. அவன் சுட்டிருந்தான். நன்றாகத்தான் சுட்டிருந்தான். ஆனால் குண்டு லேசானது. தோள் எலும்பில் பட்டுச் சிதறிவிட்டது. கரடிக்குக் கோபம் மட்டும்தான் உள்ளே இறங்கியது.

மண்ணைத் தள்ளிவிட்டு வந்த கையோடு சபதம் எடுத்தேன். அலாஸ்காவிலேயே கனமான குண்டு வைத்து என் கையால் தோட்டா செய்வேன். இந்தப் பக்கம் நுழைந்தால் கரடி, மரம், மலை எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு ரஷ்யாவில் போய் விழ வேண்டும்.

"நெடீன், இனிமே இந்த வீட்டுல குண்டு கனமாத்தான் இருக்கும்" என்றேன் மனைவியிடம்.

"இப்பவே கனமாத்தான் இருக்கு. கண்ணாடியில போய்ப் பாரு."

குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்தேன். பித்தளைக் குப்பி, அதன் அடியில் பொறி தட்டும் கேப்பு, வெடிமருந்து, தராசு. கனமான குண்டு மெதுவாகப் போகும்; ஆனால் எலும்பை மதிக்காது. தூரம் போகப் போகக் கீழே சரியும். பரவாயில்லை, எந்தக் கரடியும் தூரத்தில் நின்று கடிப்பதில்லை.

புத்தகத்தில் மருந்துக்கு ஓர் அளவு போட்டு, அதற்கு மேல் ஒரு குருணை கூடாது என்று சிவப்பில் அச்சடித்திருந்தார்கள். அச்சடித்தவர்கள் ஹார்லனைத் தூக்கவில்லை. நான் தூக்கினேன். அளவுக்கு மேலேயே போட்டேன்.

"ரத்த அழுத்தத்துக்கு மருந்து போட்டுக்கிட்டியா?" என்று நெடீன் கொட்டகை வாசலில் வந்து நிற்பாள்.

"மறந்துட்டேன்."

"துப்பாக்கிக்கு மட்டும் மறக்காமப் போடறியே."

ஒரு பகலில் ஆற்றங்கரைக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தேன். குறிவைத்த மரத்துக்கு என்ன ஆனதோ தெரியாது. நான் பனியில் மல்லாந்து கிடந்தேன். துப்பாக்கி மேலிருந்த தொலைநோக்கி நெற்றியை வட்டமாகக் கிழித்திருந்தது. துப்பாக்கியின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கட்டையால் அடித்துத்தான் திறக்க முடிந்தது. குப்பியின் அடியில் கேப்பு நசுங்கித் தட்டையாகியிருந்தது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்: உள்ளே அழுத்தம் எக்கச்சக்கம். அடுத்த முறை துப்பாக்கி பின்பக்கமாகத் திறந்துகொள்ளலாம்.

"நெத்தியில என்ன?"

"பனியில வழுக்கி விழுந்துட்டேன்."

"பனி வட்டமா இருந்துதா?"

அவள் காயத்தைத் துடைத்தாள்.

"லாய்ட், ஹார்லன் பொண்டாட்டி வில்மா இன்னும் ரெண்டு தட்டு வெச்சுட்டுத்தான் சாப்பிட உக்கார்றா. எனக்கு அந்தப் பழக்கம் வேண்டாம்."

"கரடி வந்தா?"

"கரடி வந்தா நான் சுடுவேன். உன் துப்பாக்கி உன் மூஞ்சியிலயே வெடிச்சா நான் யாரைச் சுடறது?"

எல்லாத் தோட்டாவையும் பிரித்துவிடுவதாகச் சத்தியம் செய்தேன். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. சால்மன் மீன் ஜாடிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

செப்டம்பரில் இருவரும் ஒரு மூஸ் மானை வீழ்த்தி, அறுத்துக்கொண்டிருந்தோம். புதர் பிளந்தது. கரடி உறுமவில்லை. நேராக என்னை நோக்கி வந்தது. சுட்டேன். முன்னங்கால் மடிந்து, முகம் மண்ணில் உழுது, என் பூட்ஸுக்கு முன்னால் நின்றது. அதன் மூச்சு அடங்கும்வரை நான் அசையவில்லை. நெடீனின் ஒரு கை தன் துப்பாக்கியில், இன்னொரு கை என் முதுகில். நான் அழுதேன்.

பெருமை அப்புறம்தான் வந்தது. ஆனால் மொத்தமாக வந்தது.

சட்டப்படி அரசுக்குச் சேர வேண்டிய கரடித் தோலையும் மண்டையையும் எடுத்துப்போக வந்த வனவிலங்கு அதிகாரி கெல்சோ, மறுபக்கத் தோலுக்கடியில் என் குண்டைக் கண்டெடுத்தார். காளான்போல் விரிந்து, சிதறாமல் இருந்தது.

"என் கைவேலை! புத்தக அளவுக்கு மேல மருந்து!" என்றேன்.

அவர் காலிக் குப்பியைத் திருப்பிப் பார்த்தார். "மேலயா? கேப்பு நசுங்கவே இல்லையே. இது ரொம்பச் சாதுவான தோட்டாங்க."

நெடீனைப் பார்த்தேன். அவள் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வசந்தத்துலயே எல்லாத்தையும் பிரிச்சு, புத்தகத்துல போட்டிருக்கற அளவுக்குத் திரும்பச் செஞ்சு, ஜாடிக்குப் பின்னாடியே வெச்சுட்டேன்."

"அப்ப நான் அதிகமாப் போட்ட மருந்து?"

"உருளைக்கிழங்குப் பாத்தியில கொட்டிட்டேன். நல்லா வெளைஞ்சுது."

"அந்தக் கிழங்கைத்தானே நாம..."

"நீ ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டே."

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"உன் தோட்டான்னு நினைச்சதாலதான் ஓடாம நின்னே, லாய்ட்."

கெல்சோ திரும்பி நின்று மலையைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது.

இப்போது கொட்டகைச் சாவி நெடீனிடம். வில்மாவும் வந்து, ஹார்லனின் துப்பாக்கிக்குக் கனமான தோட்டா செய்யக் கற்றுக்கொள்கிறாள். எனக்கும் அங்கே ஒரு பொறுப்பு தந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் காபி போட வேண்டும். தூள் எவ்வளவு என்பதை மட்டும் நெடீனே அளந்து தருகிறாள்.