நாற்காலிக்கு அடியில் பூத்த கள்ளி

லா நோரியா,
அக்டோபர் 28

மகா கனம் பொருந்திய மச்சான் ரெஃபுகியோ அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் எலெயுத்தேரியோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை எடெல்மிராவும் ஆடுகளும் சுகம். நகரத்தில் தாங்களும் தங்கள் தொப்பையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

அபூர்வக் கள்ளியைத் திருடர்கள் தோண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ள, நீங்கள் பெரிய மனசு பண்ணி வாங்கிக் கொடுத்த கள்ளிக் காவல் வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஜனவரியில் தொப்பியையும் விசிலையும் கொடுத்து, "சௌத்தேக் கள்ளி, மாப்பிள்ளே. முள்ளே கிடையாது, பாத்தா கல்லு மாதிரி இருக்கும்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டீங்க. அடையாளம் சொல்கிற லட்சணமா இது? எங்கள் மலையில் கல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது? நானும் முக்கோணமாக, லட்சணமாக இருந்த இருநூறைத் தேர்ந்தெடுத்துச் சுண்ணாம்பு வட்டம் போட்டு, ஆடு மிதிக்காமல் வெயிலில் கருகிக் காத்தேன். ஆகஸ்டில் இரண்டு கனவான்கள் மெஸ்கால் சாராயப் புட்டியோடு வந்து, "சௌத்தே எங்கேண்ணே இருக்கு?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். மரியாதைக்கு மரியாதை, நானும் சுற்றிக் காட்டினேன். விடிந்து பார்த்தால் நாற்பது வட்டம் காலி! வேலை போச்சுடா, ஆட்டை விற்றுத்தான் குளிர்காலத்தை ஓட்டணும் என்று நடுங்கிப்போய், ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

நேற்று செடிகளை எண்ணப் பேராசிரியை ஹசிந்தா வந்தார். வட்டங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஐயா, இதெல்லாம் நிஜக் கல்லு."

"அப்போ செடி எங்கேம்மா?"

"நீங்க நாற்காலி போட்டிருக்கீங்களே, அதுக்கு அடியில."

குனிந்தால், நாற்காலியின் நாலு காலுக்கும் நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு பூ! ஆட்டுத்தடம் நெடுக இன்னும் எத்தனையோ. வறட்சியில் மண்ணோடு மண்ணாகச் சுருங்கிக் கிடக்குமாம், அடியில் முள்ளங்கி மாதிரி கிழங்காம், முதல் பூவுக்கே பத்து வருஷமாம், அதுவும் மழை ஓய்ந்த பிறகுதானாம். பத்து மாதம் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு நான் கல்லைக் காத்திருக்கிறேன், மச்சான்.

வீட்டில் வந்து சொன்னால், உங்கள் அருமைத் தங்கை பீன்ஸ் பானையைக் கிளறிக்கொண்டே, "தெரியுமே. போன வருஷம் இந்தப் பானை விரிஞ்சப்போ அங்கேருந்துதான் ஒண்ணைத் தோண்டி, அதோட கிழங்குப் பசையில ஒட்டினேன்" என்கிறாள்.

"அடிப்பாவி, சொல்லக்கூடாதா?"

"நீங்க எங்கே கேட்டீங்க?"

ஊரே சிரிக்கிறது. வேலை கொடுத்தவர்கள் துரத்துவதற்கு முன்னால் நானே விலகுகிறேன். ராஜினாமா இத்துடன் வருகிறது. விசிலை நீங்களே ஊதிக்கொள்ளுங்கள். இறந்தோர் நாளுக்குத் தவறாமல் வரவும். பீடத்தில் உங்கள் அப்பா படத்துக்குப் பக்கத்தில் என் மானத்துக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
கல்லுக் காவலன் எலெயுத்தேரியோ

பி.கு.: ராஜினாமாவைக் கிழித்துவிடவும். உறையை ஒட்டப் போகும்போது பேராசிரியை ஓடி வந்தார். அந்தக் கனவான்கள் என் கற்களைத் தொட்டியில் நட்டு, தண்ணீர் ஊற்றினால் பூக்கும் என்று சத்தியம் பண்ணி விற்றார்களாம். இரண்டு மாதம் ஊற்றியும் பூக்காததால் வாங்கினவர்களே போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு செடிகூடப் போகவில்லை! எனக்கு இன்னும் மூன்று வருஷம் வேலை. பெருமையாக உங்கள் தங்கையிடம் சொன்னேன். "ரெண்டு கிளாஸ் உள்ளே போனா உங்க வாய் நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? அதான் சொல்லலை" என்றாள்.